உள்ளிருந்து திறக்கிற கதவு

நாய்க்கு இல்லை அண்ணாச்சி. கதவுக்கு.

சங்கிலி இரண்டு முழம் இருந்தால் போதும். கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ரொம்ப மெல்லிசாக வேண்டாம், ரொம்பத் தடியாக இருந்தால் பூட்டின் வளையத்துக்குள் போகாது. பூட்டை நானே பார்த்து எடுத்துக்கொள்கிறேன், அந்த அட்டைப் பெட்டியை இப்படிக் கொடுங்கள். சங்கிலி குடோனிலிருந்து வர வேண்டுமா? ஆள் போயிருக்கிறாரா? சரி, உட்காருகிறேன். இந்த ஸ்டூலைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து எனக்குப் பழக்கம் இல்லை.

எதிரில் இருப்பது பஸ் நிறுத்தமா? வரும்போது கவனிக்கவில்லை.

நீங்கள் தெற்கத்திக்காரர்தானே? பேச்சிலேயே தெரிகிறது. அங்கிருந்து இங்கே வந்து கடை வைத்திருக்கிறீர்கள் என்றால் ஏதாவது காரணம் இருக்கும். இல்லை, இல்லை, நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. அது ஒரு பழக்கம். அரசாங்கக் கிடங்கில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரிசி, கோதுமை, சர்க்கரை. சாயங்காலம் ஆனால் பூட்டி, துணி சுற்றி, அரக்கு வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். காலையில் வந்ததும் முதல் வேலை அரக்கைப் பார்ப்பது. என் சர்வீஸில் ஒரு மூட்டை குறைந்தது என்று எவனும் சொல்ல முடியாது. அதனால் பூட்டு விஷயத்தில் என்னிடம் எதையாவது தள்ளிவிடலாம் என்று பார்க்காதீர்கள்.

எந்தக் கதவு என்று கேட்டீர்கள். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கடலைப் பார்த்தபடி நீல வண்ணம் அடித்த மாடிக் கட்டிடம் ஒன்று இருக்கிறதே, அதுதான். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வீடு வீடாக வாடகைக்கு விடுகிறார்கள். அபார்ட்மென்ட். அடுப்பு, கட்டில், பாத்திரம் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. அதில் இரண்டாவது மாடியில் நானும் என் மனைவி புனிதவதியும் இருக்கிறோம். சொந்த ஊர் துறையூர். முந்தாநாள் வந்தோம், நாளைக் காலையில் கிளம்புகிறோம்.

நானாக வரவில்லை. என்னை அனுப்பிவைத்தார்கள். மகள் சங்கவி சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் ஏற்பாடு. போன மாதம் போன் பண்ணி, "உங்க கல்யாண நாளுக்கு என் கிஃப்ட்டுப்பா" என்றாள். எங்கள் வீட்டில் கல்யாண நாளெல்லாம் யாரும் கொண்டாடியதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அது எந்தத் தேதி என்று எனக்கே யோசித்தால்தான் வரும். அது திடீரென்று எங்கிருந்து முளைத்தது?

"ரிலாக்ஸா ரெண்டு நாள் இருந்துட்டு வாங்கப்பா" என்றாள்.

"ரிலாக்ஸா இருக்குறதுக்கு இங்க என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்லப்பா. கடல் இல்ல. அவ்வளவுதான்."

பாருங்கள், பதிலைத் தயாராக வைத்திருக்கிறாள். அவள் ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவைப் பார்க்க வராதவள், அம்மாவைக் கடல் பார்க்க அனுப்புகிறாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். முன்பணம் கட்டியாயிற்று, திரும்ப வராது என்றாள். சரி என்றேன்.

புனிதவதி பை கட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். நாலு புடவை, சீப்பு, அவளுடைய ஆதார் கார்டு.

"ஆதார் எதுக்கு?"

"ரூம்ல கேப்பாங்களாம். சங்கவி சொன்னா."

இங்கே வந்ததும் கேட்டார்கள். என்னுடையதை மட்டும்தான் கேட்டார்கள். நான் அதைக் குறித்துக்கொண்டேன். மனசில்தான்.

வீட்டில் எங்கள் முறை வேறு அண்ணாச்சி. நான் வெளியே போகும்போது வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போவேன். அவள் உள்ளே இருப்பாள். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? காலம் கெட்டுக் கிடக்கிறது. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள் என்றால் போட்டுக்கொள்வார்கள், எவனாவது கேஸ் கம்பெனி என்று சொன்னால் திறந்துவிடுவார்கள். வெளியே பூட்டு தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை என்று அவன் பாட்டுக்குப் போய்விடுவான். ஆள் இருக்கிற வீடு ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கும். அதைவிடப் பாதுகாப்பு என்ன இருக்கிறது? அவளும் இன்றுவரை ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள், "நான் எங்க போயிடப் போறேன்?" என்று கேட்டாள். அதைத்தான் நானும் சொன்னேன். எங்கும் போகப் போவதில்லை என்றால் பூட்டினால் என்ன, பூட்டாவிட்டால் என்ன?

ஒரே ஒரு தடவைதான் கோளாறு ஆயிற்று. சங்கவி சின்னப் பெண், பள்ளிக்கூடம் லீவு. அவளுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. நான் கிடங்கில் இருக்கிறேன், லாரி வந்து நிற்கிறது. இவள் ஜன்னலில் நின்று கத்தியிருக்கிறாள். தெருவே கூடிக் கடப்பாரையை எடுத்துவந்து பூட்டை உடைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கிடங்குக்கு ஆள் அனுப்பியிருந்தால் நானே வந்து திறந்திருப்பேன். திண்டுக்கல் பூட்டு அண்ணாச்சி. அந்த மாதிரி வேலைப்பாடு இப்போது வருவதில்லை. குழந்தை பிழைத்துவிட்டது. பூட்டுதான் போய்விட்டது. நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளே வேறு பூட்டு வாங்கிவிட்டேன்.

அந்தப் பித்தளையைக் காட்டுங்கள். இது வேண்டாம், இழுத்தால் ஆடுகிறது பாருங்கள். பக்கத்தில் இருப்பதை எடுங்கள்.

எங்கே விட்டேன்? முந்தாநாள் மத்தியானம் வந்து இறங்கினோம். மேனேஜர் பெயர் அமலன். நாற்பது வயசு இருக்கும், சிரித்துக்கொண்டே பேசுகிற ஆள். சிரித்துக்கொண்டே பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் ஒரு கண் வைத்துக்கொள்வேன். கதவைத் திறந்து காட்டினார். இழுத்து விட்டால் தானாகப் பூட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து வந்தால் சாவி போட்டுத்தான் திறக்க முடியும். நல்லதுதானே என்று நினைத்தேன். சாவியை வாங்கி நானே போட்டுப் பார்த்தேன். பிறகு கேட்டேன்:

"நான் வெளிய போறப்ப பூட்டிட்டுப் போனா, உள்ள இருக்கறவங்க?"

"ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். ஹேண்டில அமுக்கினா திறந்துரும். எப்பவும் திறக்கும்."

"சாவி இல்லாம?"

"சாவி இல்லாமத்தான்."

"அப்ப பூட்டுன்னு எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"வெளியாள் உள்ள வராம இருக்க சார்."

"உள்ள இருக்கறவங்க வெளிய போயிட்டா?"

அவர் என்னைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "போகட்டுமே சார். லீவுக்குத்தான வந்திருக்காங்க."

பிறகு அவராகவே சொன்னார்: "உங்க பொண்ணும் இதத்தான் சார் போன்ல கேட்டாங்க. உள்ள இருந்து எப்பவும் திறக்குமான்னு. ரெண்டு தடவை கேட்டாங்க."

தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள். படித்த பெண், அந்த மாதிரி விஷயங்களில் எச்சரிக்கையாக இருப்பாள். அந்த ஒரு விஷயத்தில் என்னைக் கொண்டு பிறந்தவள்.

அமலன் போனதும் புனிதவதி என்ன செய்தாள் தெரியுமா? பையைக்கூடப் பிரிக்கவில்லை. கதவுக்குப் போய் அந்தக் கைப்பிடியை அமுக்கினாள். திறந்தது. வெளியே வராந்தாவில் போய் நின்றாள். உள்ளே வந்தாள். சாத்தினாள். மறுபடி அமுக்கினாள். குழந்தைகள் பண்ணுமே, அந்த மாதிரி. நாலைந்து தடவை.

"வராந்தாவுல என்ன இருக்கு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"சும்மா."

சும்மா என்று ஒருத்தர் சொன்னால் அதில் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். முப்பது வருஷம் கிடங்கில் இருந்தவனிடம் சும்மா என்று சொல்லக் கூடாது.

அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டேன். அது என் தப்பில்லை, கடல் காற்று அப்படி. அந்தக் கதவும் சத்தமே போடாது. வீட்டுக் கதவு அப்படி இல்லை. திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதற்காகவே எண்ணெய் விடாமல் வைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலையில் எழுந்தபோது அவள் பால்கனியில் நின்று தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். வாசல் மிதியடியில் கொஞ்சம் மணல். "முந்தின ஆளுங்க விட்டுப்போன மணலா இருக்கும்" என்றாள். இருக்கலாம் என்று விட்டேன். மிதியடியை மட்டும் உதறிப் போட்டேன், அடுத்த தடவை பார்க்கச் சௌகரியமாக இருக்கும் என்று.

மத்தியானம் சாப்பாடு வாங்கக் கிளம்பினேன். மனசு கேட்கவில்லை. வந்த பஸ் டிக்கெட் சட்டைப் பையில் கிடந்தது. அதில் ஒரு துண்டு கிழித்து மடித்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் தரையோரமாகச் செருகிவிட்டுப் போனேன். கிடங்கில் அரக்கு, இங்கே பஸ் டிக்கெட். சாப்பாட்டோடு திரும்பி வந்தால் துண்டு கீழே கிடக்கிறது.

"யாராச்சும் வந்தாங்களா?"

"கொரியர்க்காரர் வந்தார்."

"நமக்கு எவன் கொரியர் அனுப்புவான்?"

புதுப் போன். சங்கவி அனுப்பியிருக்கிறாள். அம்மா பெயருக்கு, இந்த விலாசத்துக்கு. துறையூர் விலாசம் அவளுக்குத் தெரியாதா? பிறந்து வளர்ந்த வீடு. இங்கே இரண்டு நாள் தங்குகிற இடத்துக்கு எதற்கு அனுப்ப வேண்டும்? கேட்டேன். "பீச்சுல போட்டோ எடுக்கத்தான்" என்றாள் புனிதவதி. சரி, கொடு பார்க்கலாம் என்று வாங்கினேன். திறக்கவில்லை. நம்பர் கேட்கிறது.

"என்ன நம்பர்?"

"சங்கவிதான் போன்ல சொல்லச் சொல்லப் போட்டேன். மறந்துட்டேன்."

"போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகல."

"வயசாவுதுல்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எங்கள் வீட்டில் பூட்டுகிற ஆள் நான் அண்ணாச்சி. அவள் ஒரு பூட்டு போட்டு நான் பார்த்தது நேற்றுத்தான்.

சாயங்காலம் இரண்டு பேருமாகக் கடலுக்குப் போனோம். நான் பேப்பரை விரித்து உட்கார்ந்து செருப்புகளைப் பார்த்துக்கொண்டேன். அவள் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் வரைக்கும். புடவை நனைகிறது, கவலையே இல்லை. கரையோரமாகவே நடந்து வடக்குப் பக்கம் போனாள். போகிறாள், போகிறாள், திரும்பவில்லை. நான் எழுந்து நின்று கையைத் தட்டினேன். சட்டென்று நின்றாள். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்குகிறது. முகம் சிவந்திருக்கிறது.

"எவ்வளவு தூரம் வேணாலும் நடந்துகிட்டே இருக்கலாம் போலங்க."

"நடந்து எங்க போறது?"

"எங்கயும் இல்ல. நடக்கறதுதான்."

இப்படித்தான் பேச்சு. ஒன்றுக்கும் நேரான பதில் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்களும் வாங்களேன், கால நனைங்க" என்றாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். பொது இடத்தில். செருப்பை எவன் பார்ப்பது என்று கேட்டேன். கையை விட்டுவிட்டாள்.

இல்லை அண்ணாச்சி, டீ வேண்டாம். நான் வெளியில் டீ குடிப்பதில்லை.

இன்றைக்குக் காலையில்தான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. வெளியே இட்லி சாப்பிடலாம் என்றாள். தோப்பு ஓரமாக ஒரு அம்மாள் அடுப்பு வைத்து இட்லி ஊற்றுகிறாள், பார்த்திருப்பீர்கள். போய் நின்றோம். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அந்த அம்மாள் இவளைப் பார்த்து, "வாக்கா. இன்னிக்கு அண்ணனையும் இட்டுக்கினு வந்துட்டியா? நேத்து தூங்கறாருன்னியே" என்கிறாள்.

எனக்கு நாலு இட்லி வாங்கிச் சாப்பிட்டேன். சாட்சி சொல்கிற ஆளைப் பேசவிட வேண்டும், நடுவில் பேசக் கூடாது. அந்த அம்மாள் அவள் பாட்டுக்குச் சொல்கிறாள்: "இந்தக்கா நேத்து என்னா சிரிப்பு! சூரியன் வர்றதப் பாத்துட்டு, சட்னி கேக்க மறந்துட்டு வெறும் இட்லியத் துன்னுட்டுப் போச்சு."

ரூமுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "நேத்து வெளிய போனியா?"

"போனேன்."

மறுக்கவில்லை பாருங்கள். அதுதான் எனக்குச் சந்தேகம். தப்புப் பண்ணினவள் மறுப்பாள். மறுக்காதவள் வேறு எதற்கோ தயாராக இருக்கிறாள்.

"யாரப் பாக்கப் போன?"

"சூரியனப் பாக்கப் போனேன்."

"கிண்டலா?"

"இல்லங்க. நிஜமாத்தான். கடலப் பாத்தேன். இட்லி சாப்பிட்டேன். வந்துட்டேன்." கதவைக் காட்டினாள். "வந்துட்டேன்ல?"

"எங்கிட்ட சொல்லிட்டுப் போனியா?"

"தூங்கிட்டிருந்தீங்க. சாவிய எடுத்துட்டுப் போயி, வந்து அதே இடத்துல வெச்சிட்டேன். சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

கட்டிலில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நிதானமாகச் சொன்னாள்: "இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் நீங்க வெளிய போயிட்டு வாங்க. டிக்கெட்டக் கிழிச்சு வெக்காம, மிதியடிய உதறாம, சும்மா போயிட்டு வாங்க. திரும்பி வரும்போது நான் இருக்கேனான்னு பாருங்க. இருப்பேன். ஊருக்குப் போயும் அதே மாதிரி இருந்துக்கலாம். ஒரு தடவ. அவ்வளவுதான் கேக்குறேன்."

டிக்கெட் துண்டு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளும் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

யோசித்தேன் அண்ணாச்சி. யோசிக்காமல் இல்லை. ஒரு நாள்தானே என்றுகூட நினைத்தேன். ஆனால் அப்படிக் கேட்பதே சரியில்லை, நீங்களே சொல்லுங்கள். ஒழுங்காக இருக்கப் போகிறவள் எதற்கு வாக்குக் கொடுக்க வேண்டும்? கிடங்கில் ஒருத்தன் இருந்தான், பூட்டாமல் போங்க சார், நான் பார்த்துக்கிறேன் என்பான். அவனைத்தான் முதலில் மாற்றச் சொல்லி எழுதினேன்.

நேராக அமலனிடம் போனேன். கதவுக்கு வெளியே ஒரு கொண்டி அடித்துத் தரச் சொன்னேன், செலவு என்னுடையது என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"உள்ள மேடம் இருக்கும்போதா சார்?"

"ஆமா."

"அதுக்கு நான் ஆள் இல்ல சார். தப்பா நினைக்காதீங்க." பிறகு கேட்கிறார்: "மேடத்துக்கு உடம்பு ஏதாவது?"

என் மனைவியின் உடம்பைப் பற்றி அவருக்கு என்ன? அவர் முகத்தைக் குறித்துக்கொண்டேன். கொண்டி இல்லாவிட்டால் போகிறது. கதவு உள்பக்கமாகத்தான் திறக்கிறது. வெளிக் கைப்பிடிக்கு எதிரில் மாடிப்படிக் கம்பி இருக்கிறது. ஒரு சங்கிலியைக் கைப்பிடியில் கோத்துக் கம்பியில் சுற்றிப் பூட்டிவிட்டால் முடிந்தது. உள்ளேயிருந்து என்ன அமுக்கினாலும் திறக்காது. ஆணி அடிக்க வேண்டாம், அமலனைக் கேட்க வேண்டாம். வராந்தாவில் நின்று அளந்தேன். இரண்டு முழம்.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் சண்டை போடவில்லை. மேலே போய்ப் பையை எடுத்தேன். "எங்கங்க?" என்றாள். ஒளிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பூட்டு வாங்கப் போகிறேன் என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. "சரி. நல்ல பூட்டாப் பாத்து வாங்குங்க. அவசரப்படாதீங்க. வெயில்ல ஓட வேணாம், உக்காந்து நிதானமா வாங்குங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு பூட்டைப் பற்றி அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்தது இன்றைக்குத்தான். பெண்களுக்குப் புரியக் கொஞ்சம் நாளாகும். ஆனால் புரிந்துவிடும்.

பிரஷர் மாத்திரை போட்டேனா என்று கேட்டாள். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். "மாத்திர எல்லாம் உங்க பையோட முன்பக்கம் வெச்சிருக்கேன், காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நாளைக்கு ஊருக்குப் போற டிக்கெட்ட உங்க சட்டப் பையிலயே வெச்சிட்டேன்" என்றாள். இதோ இருக்கிறது. இரண்டு பேர் டிக்கெட்டும் என்னிடம்தான் இருக்கிறது. அவளுடையதும்தான். டிக்கெட் இல்லாமல் அவள் எங்கே போவாள்?

கிளம்பும்போது கதவைத் திறந்துவைத்து நிலைப்படியில் நின்றாள். நல்ல புடவை, கடுகு நிறம், போன தீபாவளிக்குச் சங்கவி அனுப்பியது. இதுவரை கட்டவில்லை. எதற்கு இன்றைக்கு என்றேன். "கடலுக்கு வந்திருக்கமே" என்றாள். ஊரில் நான் கிளம்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்தான் வரும், பார்த்து வாங்க என்று. இன்றைக்கு நான் படி இறங்கித் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தாள். பார்த்து வாங்க என்று சொல்ல மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

இந்தப் பூட்டு பரவாயில்லை. கனம் இருக்கிறது. இதே சாவி வேறு பூட்டுக்குச் சேருமா? அந்தப் பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு எடுங்கள், போட்டுப் பார்த்துவிடலாம்.

சங்கிலிக்குப் போன ஆள் இன்னும் வரவில்லையே?

இல்லையா? எப்போது இல்லாமல் போயிற்று? இருக்கிறது என்று சொல்லித்தானே உட்காரவைத்தீர்கள்? அந்த மூலையில் தொங்குவது என்ன, மாலையா? விற்கிறதில்லை என்றால் என்ன அர்த்தம்? கடையில் தொங்குகிற சாமானை விற்காமல் என்ன செய்வீர்கள்? அமலனை உங்களுக்குத் தெரியுமா? அவர் போன் பண்ணினாரா? நினைத்தேன். ஊருக்கு ஊர் இப்படித்தான் இருக்கிறீர்கள். சரி, சங்கிலி வேண்டாம். வேறு கடை இல்லாமலா போய்விடும். பூட்டையாவது கொடுங்கள்.

என்ன? எந்தப் பஸ்? நின்றுகொண்டிருக்கிறதே அதுவா? சென்னைக்கா போகிறது? போகட்டும், அதற்கு நான் என்ன செய்ய?

எங்கே? மூன்றாவது ஜன்னலா? ஆமாம், கடுகு நிறம்தான். அதனால் என்ன? தறியில் ஒரு புடவை மட்டுமா நெய்கிறான்? ஊரில் நூறு பேர் கட்டியிருப்பார்கள்.

அவள் இல்லை அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா? அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். புனிதவதியை நான் ஜன்னலோரம் உட்காரவிட்டதே இல்லை, காற்று ஆகாது என்று. நான் ஜன்னல், அவள் உள்பக்கம். எந்தப் பஸ்ஸிலும் அப்படித்தான். அது மட்டுமா, தலையைப் பாருங்கள், முடி முகத்தில் பறக்கிறது, ஒதுக்கக்கூட இல்லை. கையில் போன் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுகிறாள். தானாகச் சிரிக்கிறாள் பாருங்கள். நன்றாகப் பாருங்கள். அந்த மாதிரிச் சிரிப்பு எங்கள் வீட்டில் கிடையாது.

போய்விட்டது. விடுங்கள். எதற்கு என்னை எழுப்புகிறீர்கள்? எங்கே ஓடச் சொல்கிறீர்கள்? ரூம் சாவி என் பையில் இருக்கிறது, டிக்கெட் என் சட்டையில் இருக்கிறது.

அந்தப் பூட்டை இப்படிக் கொடுங்கள். இரண்டு சாவிதானே? இரண்டும் சேருகிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அவசரப்பட வேண்டாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.